கூட்டுப் பணிக்குக் கணினிப் பதிவேடு

பலர் கூடி ஒரு கருமத்தைச் செய்யப் புகும்போது, அக்கருமத்தின் வேறாக இன்னொரு கருமமும் உடன்பிறந்து விடுகின்றது. யார் எதனைச் செய்கின்றார், எது முடிந்தது, எது முடியவில்லை, எது எதற்காகக் காத்துக் கிடக்கின்றது என்பவற்றை இடையறாது அறிந்துகொண்டிருத்தலே அஃது. ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலில் இந்த இரண்டாவது கருமம் அவருடைய நெஞ்சுக்குள்ளேயே நடந்துவிடும். இருவராயின் ஒருவரோடொருவர் பேசினாற் போதும். ஐவர் சேர்ந்தால், இருவர் இருவராகப் பேசவேண்டிய இணைகள் 10 ஆகின்றன. பதின்மராயின் 45; இருபதின்மராயின் 190. ஆட்கள் இருமடங்காகப் பெருகும்போது பேச்சு நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றது. ஐ.பி.எம். நிறுவனத்திற் பெரியதொரு மென்பொருள் வேலையை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் என்பார் 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிந்திப்போன வேலைக்குப் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று கூறினார். அவர் அவ்வாறு கூறியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாகும்.

இப்பேச்சின் சுமையைக் குறைப்பதற்கென்று முன்னாளில் மேற்பார்வையாளரின் கொப்பியும் சுவரில் மாட்டிய கரும்பலகையும் இருந்தன. இந்நாளில் அவ்விடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. செயற்றிட்ட முகாமைத்துவ மென்பொருள் என்னும் நீண்ட பெயரால் வழங்கும் பதிவேடுகள் இன்று நூற்றுக்கணக்கிற் கிடைக்கின்றன. கட்டட ஒப்பந்தகாரர், பத்திரிகை அலுவலகத்தார், தொண்டு நிறுவனத்தார், மென்பொருள் ஆக்குவோர் எனப் பலதிறத்தாரும் அவற்றைப் பாவிக்கின்றனர். ஒவ்வொன்றும் தன்னையே சிறந்ததென விளம்பரஞ் செய்கின்றது. இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய குழுத்தலைவர் மலைத்து நிற்பது இயல்பே.

மலைப்பு நீங்குவதற்கு முதற்கண் அறியவேண்டியது ஒன்றுண்டு. இக்கருவிகளின் பெயர்கள் பலவாயினும் குலங்கள் மிகச் சிலவே. எந்தக் குலம் எந்தத் தொழிலிற் பிறந்தது என்பதை அறிந்தால், அது தம் தொழிலுக்குப் பொருந்துமா என்பது பாதி விளங்கிவிடும்.

மிகப் பழைய குலம் கோட்டு அட்டவணையாகும். போலந்து நாட்டுப் பொறியியலாளர் கரோல் அடமியெக்கி என்பார் 1896 இல் ஆலை வேலைகளை ஒழுங்குபடுத்துவதற்கு ஒருவகை அட்டவணையை வகுத்தார். அமெரிக்காவில் ஹென்றி காண்ட் என்பார் முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இதனையொத்த அட்டவணையைப் பரப்பினார். மேலே நாட்கள், இடப்புறத்தில் வேலைகள், ஒவ்வொரு வேலைக்கும் அது தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை ஒரு கோடு. இன்றைய மென்பொருள் பலவற்றிலும் காண்ட் அட்டவணை என்ற பெயராலேயே இது நிலைபெற்றுள்ளது. ஆயினும் கோடு மட்டும் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்வதில்லை. எந்த வேலை பிந்தினால் முழுக் கருமமும் பிந்தும்? எது பிந்தினாலும் பாதகமில்லை?

இதனை விளங்கிக்கொள்ள ஒரு கலியாண வீட்டை எண்ணிப் பார்க்கலாம். நாள் குறித்தாயிற்று. மண்டபத்தை உறுதிசெய்ய 3 நாள். அதன்பின் அழைப்பிதழ் அச்சாவதற்கு 10 நாள். அச்சானபின் ஊரூராகச் சென்று உறவினரை அழைப்பதற்கு 20 நாள். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கவேண்டியவை. மொத்தம் 33 நாள். மறுபுறத்தில், நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கல் நிகழ்ந்து, பத்தர் தாலி செய்து கொடுப்பதற்கு எல்லாமாக 8 நாள் போதும். பொற்பத்தர் நாலு நாள் தாமதித்தாலும் கலியாணம் தடைப்படாது; அவருக்கு 25 நாள் இடமுண்டு. அச்சகத்தார் ஒரு நாள் தாமதித்தாலோ, கடைசி ஊர்க்காரருக்கு அழைப்புப் போய்ச் சேராது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் பத்தர் வீட்டுக்கே நடந்துகொண்டிருப்பார்கள். பொன் பெரிது என்பதனால் கவலையும் அங்கே பெரிதாகிவிடுகின்றது!

ஒன்றையொன்று பற்றி நிற்கும் வேலைகளின் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடித்து, கவனத்தை அங்கே செலுத்துவதே மேற்சொன்ன கேள்விக்கு விடை. டியூபொன்ட் இரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் 1957 அளவில் இத்தொடரைக் கணிக்கும் முறையை வகுத்து, யூனிவாக் என்னும் கணினியைக் கொண்டு கணித்தனர். ஆலைகளைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதற்காக மூடித் திறப்பதும் அவர்கள் மனத்திலிருந்த வேலைகள். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1984 இல் முதன்முதல் வெளியிட்ட புரொஜெக்ட் என்னும் மென்பொருளும், கட்டட நிர்மாணத் துறையிற் பெயர்பெற்ற பிரிமவேராவும் இக்குலத்தவை. பாலமோ வீடோ கட்டுவோருக்கு இவை ஏற்றவை. அத்திவாரத்துக்கு முன் கூரை வராது என்பது எந்நாளும் மாறாத உண்மை; அவ்வாறான மாறாத வரிசை உள்ள தொழிலில் இக்கணிப்பு பொன்போலும் பயன்தரும். வேலையின் வரிசை வாரந்தோறும் மாறுகின்ற இடத்தில் இதனைப் பாவித்தால், குழுவில் ஒருவர் அட்டவணையைத் திருத்துவதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள நேரும்.

இதே காலத்தில் இன்னொரு முறையும் பிறந்தது. அதன் வரலாறு கருவி வாங்குவோர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய ஒன்றாகையால் இங்கு சற்று விரித்துரைத்தல் தகும். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் பொலாரிஸ் ஏவுகணையை ஆக்கும் பொறுப்பு அமெரிக்கக் கடற்படையின் விசேட செயற்றிட்ட அலுவலகத்துக்கு வந்தது. அட்மிரல் வில்லியம் ரேபோர்ன் அதற்குத் தலைவர். 1958 இல் அவ்வலுவலகம் பேர்ட் என்னும் கணிப்பு முறையை வெளிப்படுத்திற்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே காலத்தைக் கேளாது மூன்று காலங்களைக் கேட்பது அதன் சிறப்பு. எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை வாரம், வழமைபோல் நடந்தால் எத்தனை, எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை என்பவையே அம்மூன்று. நடுவிலுள்ள எண்ணை நான்கால் பெருக்கி, மற்றை இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்கவேண்டும். விடைகள் முறையே 3, 5, 13 வாரங்களாயின், எதிர்பார்க்கத் தக்க காலம் 6 வாரம். வழமைக் காலமாகிய ஐந்தைவிட இது ஒன்று கூடுதலாக இருப்பது கவனிக்கத்தக்கது. வேலைகள் விரைவதைக் காட்டிலும் பிந்துவதற்கே இடம் அதிகம் என்ற உலகியலறிவு அக்கணக்கிற்குள் அடங்கியிருக்கின்றது.

1960 யூலை 20 ஆம் நாள் ஜோர்ஜ் வாஷிங்டன் என்னும் கப்பல் நீருக்குள் இருந்தபடியே பொலாரிசை ஏவிற்று. செயற்றிட்டம் பெருவெற்றி, பேர்ட் முறையின் புகழும் உலகெங்கும் பரந்தது. ஆயினும் ஹார்வி சபோல்ஸ்கி என்னும் ஆய்வாளர் பொலாரிசின் வரலாற்றை ஆராய்ந்து 1972 இல் வெளியிட்ட நூல் வேறு கதை சொன்னது. ஏவுகணையை உண்மையில் ஆக்கியோரின் அன்றாட வேலைக்கு அம்முறை பெரிதும் உதவவில்லை. பல இடங்களில் அது முழுமையாகக் கைக்கொள்ளப்படவுமில்லை. அது செய்த பேருதவி வேறு. வண்ணப் படங்களையும் கணினித் தாள்களையும் கண்ட வெளியார், இவ்வலுவலகம் எல்லாவற்றையும் அறிந்து நடத்துகின்றது என்று நம்பித் தலையிடாதிருந்தனர்.

ஆகவே, செயற்றிட்டக் கருவிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று வேலை செய்வோரைப் பார்த்திருப்பது. மற்றையது மேலிடத்தையும் பணங் கொடுப்போரையும் பார்த்திருப்பது. இரண்டாவது முகமும் வேண்டியதே. நிதியுதவி பெறும் தொண்டு நிறுவனம் காலாண்டு அறிக்கை கொடாமல் இருக்க முடியாது. கேடு எங்கே விளைகின்றதென்றால், இரண்டாவது முகத்துக்கென வாங்கிய கருவியை முதலாவது வேலைக்கு உதவுமென்று நம்பும்போதுதான். விற்பனையாளர் கொண்டுவந்து காட்டும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் மேலிடத்தார் கண்களுக்கென்றே தீட்டப்பட்டவை. வாங்குபவர் ஒருவர், பாவிப்பவர் வேறொருவர் என்னும் பிளவு இத்தொழிலின் நிலையான குறை.

இனி அட்டைப்பலகைக் குலம். ஜப்பானில் ரொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பார், அமெரிக்கப் பல்பொருட் கடைகளின் வழக்கமொன்றைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். தட்டில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவே மீண்டும் நிரப்பப்படும். வேண்டியதைத் தெரிவிக்கும் அட்டைக்கு ஜப்பானிய மொழியிற் கன்பன் என்று பெயர். இவ்வெண்ணத்தை 2000 ஆம் ஆண்டுக்குப் பின் மென்பொருள் ஆக்குவோர் தமதாக்கினர். செய்யவேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, செய்து முடித்தவை என மூன்று நிரல்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. வேலை நகர அட்டையும் நகரும். 2011 இல் நியூயோர்க் நகரத்து நிறுவனமொன்று வெளியிட்ட ட்ரெலோ இதனை ஒரு சிறுவனும் விளங்கும்படி எளிமையாக்கிற்று.

இப்பலகையின் பயன் அட்டையை நகர்த்துவதில் இல்லை. நடு நிரலில் இத்தனை அட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று எல்லை வகுப்பதிலேயே இருக்கின்றது. 1961 இல் ஜோன் லிட்டில் என்னும் அறிஞர் நிறுவிய வரிசைக் கணக்கு ஒன்றுண்டு. ஒரு குழு வாரத்துக்கு 3 வேலைகளை முடிக்கின்றது. நடு நிரலில் 12 அட்டைகள் கிடக்கின்றன. அப்படியாயின் ஓர் அட்டை அங்கே சராசரியாக 4 வாரம் கிடக்கும். முடிக்கும் வேகம் மாறாமல் இருக்க, நடு நிரலை 6 ஆகக் குறைத்தால் 2 வாரத்தில் வெளிவந்துவிடும். எவரும் கூடுதலாக உழைக்கவில்லை. தொடங்கியதை முடிக்காமல் மற்றொன்றைத் தொடங்குவதை நிறுத்தியதே வேறுபாடு. அட்டைப்பலகை மென்பொருள் வாங்கியவர்களிற் பலர் இவ்வெல்லையை வகுப்பதேயில்லை. அவர்களிடம் இருப்பது நிறந்தீட்டிய பட்டியல் மட்டுமே.

மூன்றாவது குலம் முறைப்பாட்டுப் பதிவேடு. மென்பொருளிற் காணும் பிழைகளை இலக்கமிட்டுப் பதிந்து, திருத்தும் வரை தொடர்வதற்கென 1998 இல் பக்சில்லா என்னும் பதிவேடு வெளிவந்தது. சிட்னி நகரத்து அட்லாசியன் நிறுவனத்தார் அதனைப் பாவித்து வந்தபோது, பெயரின் ஓசையொப்புமையால் ஜப்பானியத் திரைப்படப் பூதமாகிய கொட்சில்லாவின் பெயரை அதற்கு இட்டனராம். அப்பூதத்தின் ஜப்பானியப் பெயர் கொஜிரா. அதன் தலையெழுத்தை அறுத்து, 2002 இல் தாம் ஆக்கிய பதிவேட்டுக்கு ஜிரா என்று பெயர் வைத்தனர். ஒவ்வொரு வேலையும் யார் கையில், எந்த நிலையில், யார் அனுமதித்து எப்பொழுது மாறியது என்பதை அணு அணுவாகப் பதியும் ஆற்றல் ஜிராவுக்கு உண்டு. வங்கிக்கு மென்பொருள் ஆக்கும் ஐம்பது பேருக்கு அது வேண்டியதாகலாம். ஆண்டு மலர் ஒன்றை அச்சேற்றும் ஆறு பேர் அதனைக் கைக்கொள்வது, முற்றம் பெருக்க யானை கட்டுவது போலாகும்.

2004 இல் வெளிவந்த பேஸ்காம்ப் போன்ற வேறு சில, வேலைப் பட்டியலைக் காட்டிலும் உரையாடலையே நடுவில் வைக்கின்றன. வாடிக்கையாளரோடு ஓயாமல் கருத்துப் பரிமாற வேண்டிய ஓவியர், எழுத்தாளர் போன்றோருக்கு அவை தகும்.

இக்குலங்களுள் எது தமக்குரியது என்று முடிவு செய்தபின்னரே விலையையும் வசதியையும் ஒப்பிடவேண்டும். அதற்கும் முன்னே ஒரு கேள்வி: கருவி வேண்டுமா? நால்வர் ஓரறையில் இருந்து செய்யும் வேலைக்கு ஒரு வெண்பலகையும் காலையிற் பத்து நிமிடப் பேச்சும் போதும். வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு நேரங்களிலும் வேலை செய்வோர் சேரும்போதே பதிவேடு இன்றியமையாததாகின்றது.

விலையைப் பொறுத்தவரை, இவற்றிற் பெரும்பாலானவை ஆளொருவருக்கு மாதமொன்றுக்கு இவ்வளவு டொலர் என்னும் சந்தா முறையில் விற்கப்படுகின்றன. இலங்கையிலுள்ள குழுவுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபா அளவை எட்டியது. பன்னிருவர் கொண்ட குழு ஆளுக்கு 10 டொலர் சந்தா கட்டியதாகக் கொண்டால், 24,000 ரூபாவாக இருந்த மாதச் செலவு மூன்று மாதத்துக்குள் 43,200 ரூபாவாகியிருக்கும். கருவியும் அதே, ஆட்களும் அதே. இலவசமாகத் தொடங்கிப் பின்னர் கட்டணம் அறவிடும் பதிவேடுகளில், இலவச எல்லை எத்தனை ஆட்களோடு முடிகின்றது என்பதையும் முதலிலேயே பார்த்துவைப்பது நலம். எல்லையைக் கடக்கும் நாளில் குழுவின் வேலை முழுவதும் அதற்குள் இருக்கும். பேரம் பேசும் வலு அப்போது வாங்குபவர் பக்கத்தில் இராது.

சந்தா வேண்டாமென்போர்க்கு 2006 இல் வெளிவந்த ரெட்மைன் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றுக்கு விலையில்லை, எவரும் எடுத்துத் தமது கணினியிலே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அக்கணினியைப் பேணவும், நாள்தோறும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கவும், பாதுகாப்புத் திருத்தங்களைச் செய்யவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் குழுவை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதே அங்கு உண்மையான விலை.

மொழியைப் பற்றி விளம்பரங்கள் வாய்திறப்பதில்லை. தமிழிலே வேலைகளைப் பதிய விரும்பும் குழு இதனைத் தானே சோதித்தறிய வேண்டும். இலங்கையிற் பெருவழக்காயுள்ள பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வாசகம், கணினிக்குள்ளே உரோமன் எழுத்துகளாகவே கிடக்கின்றது. எழுத்துருவை அணிவித்தால் மட்டுமே அது தமிழாகத் தோன்றும். இணையப் பதிவேட்டில் ஒட்டியவுடன் ஆடை களைந்தாற்போலப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் எஞ்சும். தேடினாலும் அகப்படாது. ஆகவே யூனிக்கோட் முறையிலே தட்டச்சு செய்யக் குழுவினர் அனைவரும் பழகியிருத்தல் முதல் நிபந்தனை. அதன்பின்னரும், பதிவேட்டிலிருந்து பட்டியலை இறக்கி விரிதாளாகத் திறக்கும்போது தமிழெழுத்துகள் சிதைந்து தோன்றுவதுண்டு. சில பதிவேடுகள் தலைப்பின் நீளத்தை எழுத்தாலன்றிக் கணினியின் சேமிப்பு அலகால் அளக்கின்றன. அவ்வளவையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓரலகு, ககரத்துக்கு மூன்று, கொகரத்துக்கு ஆறு. நீண்ட தமிழ்த் தலைப்பு நடுவிலே வெட்டுண்ணும்.

நாட்காட்டியும் அவ்வாறே. இலங்கையிலே பூரணை நாள்தோறும் பொது விடுமுறை. 1966 இலிருந்து சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களையே வார விடுமுறையாகக் கொண்டிருந்த நாடு இது. அமெரிக்காவில் ஆக்கிய மென்பொருள் சனி ஞாயிறு அறியும், போயா அறியாது. தைப்பொங்கலும் அறியாது. எவரேனும் ஆண்டுத் தொடக்கத்திலே விடுமுறைகளைப் பதியாவிட்டால், அது கணிக்கும் முடிவு நாள் ஒவ்வொன்றும் பொய்யாகும். கிரினிச் நேரத்தைக் கொண்டு நாளை எண்ணும் பதிவேட்டில் நள்ளிரவோடு முடியும் கெடு, இலங்கை நேரப்படி மறுநாட் காலை 5.30 மணிக்கே முடியும். ஒப்பந்தப் புள்ளி அனுப்புவோர் இதனை மறந்தால் நட்டம் சிறிதன்று.

இதுவரை சொன்னவை யாவும் பொருளைப் பற்றியவை. ஆட்களைப் பற்றியதே கடினமானது. பதிவேடு உண்மை சொன்னால்தான் பயன்படும். உண்மையைப் பதிபவர்கள் வேலை செய்வோர். தாம் பதியும் செய்தி தமக்கெதிராகப் பயன்படும் என்று அவர்கள் அஞ்சத் தொடங்கிய நாளிலிருந்து பதிவேடு பொய் சொல்லத் தொடங்கும். ஒரு வாரத்தில் முடித்த அட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு திறமையை அளக்கும் தலைவரிடம், ஊழியர்கள் ஓர் அட்டையை ஐந்தாக வெட்டிக் கொடுப்பர். பிந்திய வேலைகளைச் சிவப்பு நிறத்தில் எல்லோர் முன்னும் காட்டினால், கெடு நாள் முதல்நாட் பின்னேரம் அமைதியாகத் தள்ளி வைக்கப்படும். திரை முழுவதும் பச்சையாக இருக்கும். வேலை நின்றபடி நிற்கும். அப்பொழுது ஊழியர் ஒவ்வொருவரும் மேசை இலாச்சிக்குள் ஒரு சிறு கொப்பி வைத்துக்கொண்டு உண்மையான பட்டியலை அதில் எழுதுவர். அக்கொப்பிகள் தோன்றியிருக்கின்றனவா என்று பார்ப்பதே கருவியின் நலத்தை அறியச் சிறந்த வழி. அவற்றைக் குற்றமாகக் கருதாமல், பதிவேட்டில் இல்லாத எது அவற்றில் இருக்கின்றது என்று கேட்டறியும் தலைவர் மிகுதியாகக் கற்றுக்கொள்வார்.

தெரிவுக்கு முன் எதிர்பார்க்கவேண்டிய இன்னொன்று, கருவி இல்லாமற் போவது. 2022 ஏப்பிரில் 5 ஆம் நாள் அட்லாசியன் நிறுவனத்தார், வழக்கொழிந்த சிறு செயலியொன்றை வாடிக்கையாளரின் பதிவேடுகளிலிருந்து நீக்குவதற்காகக் கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்தனர். செயலியைக் குறிக்கும் இலக்கங்களைக் கொடுக்கவேண்டிய இடத்தில், வாடிக்கையாளரின் முழுத் தளங்களையும் குறிக்கும் இலக்கங்கள் கொடுக்கப்பட்டுவிட்டன. சற்று நேரத்துக்குள் 775 வாடிக்கையாளரின் தளங்கள் அழிந்தன. பிரதிகள் இருந்தன, ஆனால் இத்தனை தளங்களை ஒருசேர மீட்பதற்கு ஆயத்தம் இருக்கவில்லை. சிலர் தம் பதிவேட்டை மீண்டும் காண 14 நாள் காத்திருந்தனர். அந்நிறுவனமே இவ்விவரங்களைப் பின்னர் அறிக்கையாக வெளியிட்டது.

விபத்தன்றி, கடையே மூடப்படுவதும் உண்டு. பேர்லின் நகரத்திற் பிறந்து பலராலும் விரும்பப்பட்ட வுண்டர்லிஸ்ட் என்னும் பட்டியற் செயலியை மைக்ரோசொப்ட் 2015 இல் வாங்கி, 2020 மே மாதம் மூடிவிட்டது. மென்பொருட் குழுக்கள் நெடுங்காலம் பாவித்த பிவோட்டல் ட்ராக்கர் 2025 ஏப்பிரில் 30 ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. ஜிராவை வாங்கித் தமது சொந்தக் கணினியில் நிறுவியிருந்தோருள் ஒரு பகுதியார்க்கு 2024 பெப்ரவரி 15 ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது. இந்நிகழ்ச்சிகளில் எதிலும் பாவிப்போரின் விருப்பம் கேட்கப்படவில்லை. பதிவேட்டில் இருப்பது வேலைப் பட்டியல் மட்டுமன்று. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அன்று யார் மறுத்தார், எந்த வழி முயன்று கைவிடப்பட்டது என்னும் குழுவின் நினைவு முழுவதும் அங்கேதான் கிடக்கின்றது. அதனை வெளியே எடுத்துவர இயலாத பதிவேடு, எவ்வளவு அழகாயினும், விலக்கத்தக்கது.

ஆதலின் சோதனையை வாங்கிய பின்னன்றி வாங்குமுன் செய்யவேண்டும். கற்பனை வேலைகளை இட்டுப் பார்ப்பதாற் பயனில்லை. உண்மையான வேலையொன்றை இரண்டு வாரம் அதிலே நடத்திப் பார்க்கவேண்டும். கணினியோடு நன்கு பழகிய இளைஞரைவிட, அதில் மிகக் குறைந்த பழக்கமுள்ளவரைச் சோதனைக்கு நடுவில் வைத்தல் அறிவுடைமை. அவர் பதியாவிட்டால் பதிவேடு எந்நாளும் குறையாகவே இருக்கும். புதிய வேலை ஒன்றைப் பதிவதற்கு எத்தனை கட்டங்களை நிரப்பவேண்டியிருக்கின்றது என்று எண்ணிப் பார்க்கலாம். தலைப்பு, பொறுப்பாளர், கெடு நாள் ஆகிய மூன்றோடு நிற்கும் பதிவேட்டிற் பதிவார்கள். பன்னிரண்டு கட்டங்களைக் கேட்பதில் முதல் வாரம் மட்டும் பதிவார்கள். களத்தில் நிற்போர் கைத்தொலைபேசியிலே, மெதுவான இணைப்பிலே அது திறக்கின்றதா என்பதையும் அலுவலகத்துக்கு வெளியே சென்று பார்க்கவேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில், இணைப்பு அறுந்தால் அன்றைய பட்டியலை எங்கே பார்ப்பது என்ற கேள்வி மிகையாகாது. தாளிலே அச்சிட்டு எடுக்கும் வசதி பழமையாகத் தோன்றினாலும், கட்டட வேலைத்தலத்தில் அதுவே முதல் வசதி.

இரண்டாம் வார முடிவில், விடுமுறையிற் சென்று திரும்பிய ஒருவரைப் பதிவேட்டின் முன் இருத்தி, எவரிடமும் கேளாமல் வேலையின் நிலையைச் சொல்லச் சொல்லலாம். சொன்னாராயின் கருவி தன் கடமையைச் செய்திருக்கின்றது. பின்னர் எல்லாப் பதிவுகளையும் கோப்பாக இறக்கி, வேறொரு கணினியிலே திறக்கவேண்டும். தலைப்புகள் வந்தனவா, உரையாடல்களும் வந்தனவா, இணைத்த படங்களும் தாள்களும் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பல பதிவேடுகள் பட்டியலைக் கொடுக்கும், உரையாடலைக் கொடா. ஓர் அட்டையை வேண்டுமென்றே அழித்து, மீட்க முடிகின்றதா என்று பார்ப்பதற்கும் இதுவே தருணம்.

பழைய பதிவேட்டை விட்டுப் புதியதற்கு மாறும் குழுவினர் பெரும்பாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முயல்வர். மூன்றாண்டு கிடந்த அட்டைகள் புதிய வீட்டிலும் வந்து கிடக்கும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளை மட்டும், அவற்றுக்கு உரியவர்கள் தம் கையாலேயே மீண்டும் பதிந்தால் ஒருநாளில் முடியும். தேவையற்றவை தாமாகவே விடுபடும். முடிந்த வேலைகளையும் எடுத்த முடிவுகளையும் கோப்பாக இறக்கி, ஆண்டும் செயற்றிட்டத்தின் பெயரும் தலைப்பிலே தெரியும்படி சேமித்து, ஒரு பிரதியை அலுவலகத்துக்கு வெளியே வைத்துவிடலாம். மாறும் நாள் ஒன்றைக் குறித்து, அந்நாளுக்குப் பின் பழையதில் எவரும் எழுத இயலாதவாறு அதனைப் பூட்டிவைத்தல் வேண்டும்.